ஐஸ் ஹாக்கியும் சனிக்கிழமைக் கோழியும்

எங்கள் தெருவில் நடந்த ஒரு சாவுக்கு நான்தான் காரணம் என்று நம்புகிறவர்கள் இன்னமும் மூன்று பேராவது இருப்பார்கள். இல்லை என்று நானும் அடித்துச் சொன்னதில்லை. நான் பனிக்கட்டியைப் பார்த்ததெல்லாம் ஜமால் பாய் கடை சர்பத்திலும், முத்துப்பேட்டையிலிருந்து வரும் மீன் பெட்டியிலும்தான். அப்படிப்பட்டவன் ஐஸ் ஹாக்கியை வைத்து ஒரு தெருவையே ஒருநாள் முழுக்க நடுங்க வைத்தேன் என்றால், என் திறமையை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு, திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், வீட்டில் சும்மா இருந்தேன். (சும்மா இருப்பதும் லேசான வேலை இல்லை. யார் வந்தாலும் "இன்னும் கெடைக்கலியா?" என்பார்கள்.) கூடப் படித்த பிரபு கனடாவில் இருந்தான். அவன்தான் அந்த இணைய ஹாக்கி லீக்கில் என்னைச் சேர்த்துவிட்டான். அதில் மைதானம் கிடையாது, நிஜ ஆட்டக்காரர்கள் கிடையாது. கம்ப்யூட்டரே ஆட்டக்காரர்களை உண்டாக்கும், கம்ப்யூட்டரே ஆட்டத்தை நடத்தி யார் எத்தனை கோல் என்று சொல்லும். பத்து நாட்டில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர், பத்து அணிகளுக்கு முதலாளிகள். ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் நாற்பது புது இளைஞர்களை கம்ப்யூட்டர் உருவாக்கிக் கொடுக்கும். அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். முதல் சுற்றில் போகும் பத்துப் பேர் யார், எந்த வரிசையில் என்று முன்கூட்டியே கணித்து எழுதுவதுதான் என் உத்தியோகம். சம்பளம் இல்லை. கௌரவம் மட்டும் உண்டு.

அந்த முறை புது ஆட்டக்காரர்களுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. நாற்பது பெயருக்கு எங்கே போவது? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டிலிருந்து ஆரம்பித்து தெருக்கோடி வரைக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். கம்ப்யூட்டர் அந்தப் பெயர்களுக்குத் தன் இஷ்டத்துக்கு உடம்பு கொடுத்தது. ஊன்றுகோல் இல்லாமல் வாசல்படி இறங்காத எதிர்வீட்டு கோவிந்தராசு மாமா, பதினெட்டு வயதில் ஆறடி இரண்டங்குலத்தில் இடதுபக்க ஆட்டக்காரராக வந்து நின்றார். என் அப்பா ரத்தினம் அசைக்க முடியாத தடுப்பாட்டக்காரர். சரவணன் என்கிற என் பெயருக்குக் கிடைத்த பையன் நாற்பது பேரில் முப்பத்தொன்பதாவது. அங்கேயும் நான் உருப்படவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணிப்பைத் தமிழில் எழுதி பிரபுவுக்கு அனுப்பினேன். அவன் அதை நல்ல ஆங்கிலமாக்கிப் போடுவான். அனுப்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அது போய்ச் சேர்ந்தது பிரபுவுக்கு அல்ல. வாய்க்காலில் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்ல எங்கள் தெருக்காரர்கள் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவுக்கு. அதில் இப்படி இருந்தது:

"முதல் சுற்று, என் கணிப்பு. ஒன்று, கோவிந்தராசு. பேச்சுக்கே இடமில்லை, நாளைக் காலையிலேயே எடுத்துவிடுவார்கள். இரண்டு, ரத்தினம். பார்க்கத் திடமாக இருக்கிறார், ஆனாலும் விடமாட்டார்கள். மூன்று, ஜமால். மூச்சு வாங்குகிறது, ரொம்ப நேரம் காத்திருக்க மாட்டார்."

இப்படியே பத்து வரை. பிரபுவுக்கு அதை மறுபடி அனுப்பி வைத்தேன்; ஆனால் அதற்குள் தெருவே படித்து முடித்திருந்தது.

அது கூட்டுறவுச் சங்கத்துக்கு சம்பா விதைநெல் வரும் நேரம். முதல் சுற்றில் யார் யாருக்கு விதை என்கிற பட்டியல் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. கோடி வீட்டு மல்லிகா அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார்.

"ஏந்தம்பி, பத்து பேரு போட்டிருக்க, எங்க வூட்டு பேரு எங்க? நாங்க மட்டும் வயல்ல புல்லா வெதைக்கப் போறோம்?"

"அக்கா, இது ஐஸ் ஹாக்கி."

"எந்த ரகமா இருந்தாலும் சரி. பதினொண்ணாவதா எழுது."

பட்டியலை ஒரு தாளில் எடுத்து எழுதி, அவர் பெயரையும் சேர்த்தேன். (அவரிடம் விளக்கம் சொல்லி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.) பின்னாலேயே ஜமால் பாய் வந்தார். "எனக்கு நெலமே இல்லியே தம்பி. சரி, போட்டது போட்டீங்க, இருக்கட்டும்" என்று சிரித்துவிட்டுப் போனார். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பட்டியல் பதினேழு பேராக வளர்ந்திருந்தது.

மறுநாள் காலை ஐந்தரை. கனடாவில் அப்போது வெள்ளிக்கிழமை இரவு எட்டு. கூடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு இலை ஆடவில்லை. முதல் அணியின் தேர்வு திரையில் வந்தது. கோவிந்தராசு.

"அப்பவே சொன்னேன்ல!" என்று வீடே அதிரக் கத்தினேன்.

அந்தச் சத்தம் அடங்கவில்லை, எதிர்வீட்டிலிருந்து சரோஜம் அத்தையின் அலறல் கேட்டது. கோவிந்தராசு மாமா தூக்கத்திலேயே போயிருந்தார்.

வாசலுக்கு ஓடினேன். ஏற்கெனவே நாலைந்து பேர் தெருவில் நின்றார்கள். அவர்கள் எதிர்வீட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாகப் போனை எடுத்து, கண்ணுக்கருகில் வைத்து எதையோ படித்தார். 'நாளைக் காலையிலேயே' என்று எழுதிய என் கை எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

சங்கு ஊதும்போது மல்லிகா அக்கா வந்தார். கையில் பேனா வைத்திருந்தார்.

"என் பேர அடிச்சிடு தம்பி."

"அக்கா, அதுக்கும் இதுக்கும்..."

"அடிக்கிறியா, இல்லியா?"

அடித்தேன். முந்தின நாள் சேர்ந்த மற்ற ஆறு பேரும் வரிசையாக வந்து அடித்துவிட்டுப் போனார்கள். ஜமால் பாய் கடையைத் திறக்கவே இல்லை. முதல் பஸ்ஸிலேயே மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

விஷயம் அதோடு நின்றிருக்கும், அன்று சனிக்கிழமையாக இல்லாமல் இருந்தால். சனிக்கிழமை போகிறவர் துணைக்கு ஆள் தேடுவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்புவார்கள், துணையாக அது போகட்டும் என்று. அடுத்து யார் என்பது மற்ற ஊர்களில் யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் எழுத்திலேயே இருந்தது. இரண்டு, ரத்தினம்.

அப்பா பொதுப்பணித் துறையில் மதகு திறக்கும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமி, சகுனம் எதையும் நம்பாதவர். "கம்ப்யூட்டர் வெளையாட்டுக்குப் பயந்து சாவுறானுங்க" என்று சொல்லிவிட்டு நாலு இட்லி சாப்பிட்டார். ஒவ்வொரு இட்லியும் தொண்டையில் இறங்குகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறை இருமினார். தண்ணீர்ச் செம்போடு எழுந்து ஓடினேன். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அப்பாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ற நினைப்பு அதுவரை எனக்கு வந்ததே இல்லை.

லீக் விதிப்படி ஒவ்வொரு அணிக்கும் பன்னிரண்டு மணி நேரம் அவகாசம். இரண்டாவது அணியின் முதலாளி டொரண்டோவில் தூங்கப் போய்விட்டார். அவருக்குப் பதினோரு செய்திகள் அனுப்பினேன். தயவுசெய்து ரத்தினத்தை எடுக்காதீர்கள். வேகம் போதாது. முழங்கால் தேய்ந்துவிட்டது. சொன்ன பேச்சு கேட்கமாட்டார். நாலு எட்டு ஓடினால் உட்கார்ந்துவிடுவார். நேற்று நான் எழுதியதெல்லாம் பொய். (பெற்ற தகப்பனைப் பற்றி இவ்வளவு அவதூறு எழுதியவன் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) பதில் இல்லை.

நாலு மணிக்குப் பாடை கட்டினார்கள். கோழியை என் கையில் கொடுத்தார் ஒரு பெரியவர்.

"நீயே கட்டு தம்பி. இறுக்கிக் கட்டு. உங்கப்பாவுக்குத்தான்..."

அது சாம்பல் நிறக் கோழி. பிடித்த நேரத்திலிருந்து ஒரு சத்தம் போடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எப்படியோ ஒரு முடிச்சு போட்டேன். நாலு வருட இன்ஜினியரிங்கில் முடிச்சு பற்றி ஒரு பாடம்கூடக் கிடையாது. முடிச்சின் மேல் நம்பிக்கை இல்லாமல், கோழியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே பாடையை ஒட்டி நடந்தேன். அப்பா எனக்குப் பின்னால் வந்தார்.

ஆற்றங்கரையில் மதகுக்குப் பக்கம் வரும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கோழியை விட்டுவிட்டுப் போனை எடுத்தேன். டொரண்டோக்காரர் எழுந்திருந்தார். "இவ்வளவு கெஞ்சுகிறாய், அதனால் ரத்தினத்தை விட்டுவிட்டேன். உன் பெயரில் ஒரு பையன் இருக்கிறானே, உனக்காக அவனை எடுத்துக்கொண்டேன். சந்தோஷம்தானே?"

இரண்டு, சரவணன்.

"என்னடா?" என்றார் அப்பா. போனை அவரிடம் நீட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடிக்கும்போது என் முடிச்சு அவிழ்ந்தது.

கோழி சத்தமில்லாமல் இறங்கி, கரைச் சரிவில் ஓடி, தண்ணீர் கட்டியிருந்த வயலுக்குள் போய் நின்றது. பறை நின்றது. தோளில் பாடையோடு நாலு பேரும் நின்றார்கள். தண்ணீரில் எல்லோருடைய நிழலும் தலைகீழாக, அசையாமல் கிடந்தது. அத்தனை பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். வரிசை மாறிவிட்டது அவர்களுக்குத் தெரியாது. அது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஓடினார்.

என் வாழ்நாளில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அறுபத்துமூன்று வயது. சரிவில் ஒருமுறை விழுந்தார், சேற்றில் இரண்டுமுறை விழுந்தார். எழுந்து எழுந்து ஓடினார். வரப்பு மூலையில் கோழியைப் பிடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு, இடுப்பு வரை சேறாக மேலே வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் தன் துண்டை எடுத்து அதைப் பாடையோடு கட்டினார். ஏழு முடிச்சு. நான் எண்ணினேன்.

"நடங்கப்பா" என்றார். அதற்கப்புறம் சுடுகாடு வரைக்கும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். நானும் கையை உருவவில்லை.

பதினாறாம் நாள் சரோஜம் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்துப் போனேன்.

"அங்க எப்படிடா இருக்காரு உன் மாமா?"

அந்தக் கேள்வி எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "நேத்து ரெண்டு கோல் போட்டாரு அத்தை."

"முட்டி வலி?"

"இல்ல அத்தை. நல்லா ஓடுறாரு."

தலையை ஆட்டிவிட்டுப் பந்திக்கு இலை போடப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அந்த வருடம் தெருவில் யாரும் சாகவில்லை. ஜமால் பாய் மூன்றாம் நாள் திரும்பி வந்து கடையைத் திறந்தார். ஆனால் அப்பா மாட்டிக்கொண்டார். "பகுத்தறிவு பேசுன ரத்தினம் உசுருக்குப் பயந்து சேத்துல ஓடுனத பாத்தீங்கள்ல?" என்று கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கோழியைப் பிடிப்பதுபோல ஒருவர் நடித்தே காட்டுவார். அப்பாவும் கூடவே சிரிப்பார். ஓடியது யார் உயிருக்கு என்று அவர் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

இப்போது நான் சென்னையில் வேலையில் இருக்கிறேன். அந்த லீக்கை அந்த சீசனோடு விட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஐந்தரைக்கு என் போன் அடிக்கும். "உங்க கோழி கூவுது, எடுங்க" என்று என் மனைவி போர்வைக்குள்ளிருந்து சொல்வாள்.

"சாப்டியா?" என்பார் அப்பா.

"இப்பதாம்ப்பா எழுந்திருக்கேன்."

"சரி சரி. வச்சிடுறேன்."