மச்சான் டின்

நாலாவது தடவையும் கயிற்றைச் சுற்றி இழுத்தார் தெட்சிணாமூர்த்தி. எஞ்சின் ஒரு தும்மல் தும்மிவிட்டு அடங்கிப்போயிற்று.

காரைக்கால் பக்கத்து நிரவியில் அந்த எஞ்சினுக்குத் தனி மரியாதை. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன எஞ்சின்தான். ஆனால் பருவம் முடிந்ததும் ஒரு சொட்டு விடாமல் வடித்து, துடைத்து, சாக்கில் சுற்றி வைப்பார். பிள்ளை பெற்றவளைக்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். போன வருஷத்துப் பெட்ரோலை இந்த வருஷம் தொடவும் மாட்டார்.

அதனால்தான் இன்று கையில் பெட்ரோல் இல்லை. ஆற்றில் தண்ணீரும் இல்லை. குறுவை நாற்றங்கால் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் பாயாவிட்டால் விதைத்ததெல்லாம் வீண்.

"மச்சான் பெட்ரோலுமா ஏமாத்தும்? சுத்தத்துக்குன்னே இங்க வந்து வாங்குற மனுசனாச்சே!" என்றார் மனைவி தையல்நாயகியிடம்.

மச்சான் என்றால் தையல்நாயகியின் அண்ணன் இளையபெருமாள். நாகூருக்கு அந்தப் பக்கம் ஊர். புதிதாக எஞ்சின் வாங்கியதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் காரைக்காலுக்கு வந்து ஒரு டின் பெட்ரோல் பிடித்துப்போவார். "எங்க ஊரு பெட்ரோல் கலப்படம் மாப்பிள்ளை, என் எஞ்சின் குடிக்காது" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் தெட்சிணாமூர்த்திக்கு நெஞ்சு நிறைந்துவிடும். எஞ்சினைப் பற்றி இப்படிக் கவலைப்படுகிற இன்னொரு ஜீவன் இருக்கிறதே! இன்றும் டின்னை வீட்டில் வைத்துவிட்டுத் திருநள்ளாறு போயிருந்தார் மச்சான். ஆத்திரத்துக்கு அந்த டின்தான் கைகொடுத்தது.

பிளக்கைத் துடைத்து மாட்டினார். மச்சான் பெட்ரோலை இன்னும் கொஞ்சம் ஊற்றினார். இப்போது தும்மலும் நின்றுவிட்டது.

சந்தேகம் வந்து, டின்னிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். மேலே ஒரு விரல்கடை பெட்ரோல் மிதந்தது. கீழே மிச்சமெல்லாம் தெளிந்த தண்ணீர்.

"அடப்பாவி! பங்க்காரன் மச்சானை ஏமாத்திட்டான்டா சுப்பையா!"

பண்ணையாள் சுப்பையன் பாட்டிலை வாங்கி முகர்ந்தான். தெட்சிணாமூர்த்திக்கு ஜலதோஷம், மூக்கு வேலை செய்யவில்லை. சுப்பையன் மூக்கு நன்றாகவே வேலை செய்தது.

"இந்தத் தண்ணிய நான் கொட்டிட்டு வர்றேங்க. டின்னையும் குடுங்க, கழுவித் தர்றேன்."

பனைமரத்துக்குப் பின்னால் போனவன் வெகுநேரம் கழித்து வந்தான். "ஐயாவப்போல உண்டா!" என்று எஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். எஞ்சின் மேல் அவனுக்கு இவ்வளவு பாசமா என்று தெட்சிணாமூர்த்தியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சைக்கிளை மிதித்துப் பெட்ரோல் பங்க்குக்குப் போய்ச் சத்தம் போட்டார். பங்க்காரர் பதறவில்லை. ஒரு பாட்டிலில் பெட்ரோல் பிடித்துக் காட்டினார். அடிவரைக்கும் ஒரே நிறம்.

"உங்க மச்சானா? வாராவாரம் கால் லிட்டர்தானே வாங்குறாரு?"

'அப்ப மிச்சத்தை வேற எங்கயோ வாங்கி ஏமாந்திருக்கார், வெகுளி' என்று நினைத்துக்கொண்டார் தெட்சிணாமூர்த்தி. தனக்குக் கொஞ்சமும், மச்சான் டின் நிறையவும் வாங்கினார்.

ஒரே இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. நாற்றங்காலில் தண்ணீர் புரண்டு ஓடியதைப் பார்த்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் மச்சான் டின்னைக் காணாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கணும் மச்சான், உங்க பெட்ரோல எடுத்துட்டேன். அது ஒண்ணுக்கும் ஆகலை, கொட்டியாச்சு. இந்தாங்க, டின் நெறைய சுத்தமான பெட்ரோல்!"

"நெறையவா?" மச்சான் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சொட்டுக் கலப்படம் இல்ல. நானே கொண்டுபோயி உங்க எஞ்சினையும் ஓட்டிக் குடுத்துட்டு வர்றேன்."

"வேணாம் மாப்பிள்ளை! எஞ்சின் ஒருநாள் பட்டினி கெடந்தா செத்தா போயிடும்?"

"எஞ்சின் கெடக்கட்டும், பயிரு?"

தங்கை பக்கத்தில் நின்றதால் மச்சான் வாயை மூடிக்கொண்டார். தெட்சிணாமூர்த்தி டின்னைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. காரைக்கால் மாதிரி இல்லை, அங்கே அப்போது மதுவிலக்கு. செக்போஸ்டில் போலீஸ்காரர் டின்னைத் திறந்து முகர்ந்தார்.

"சாராயம் கீராயம் இல்லியே?"

"அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க."

மச்சான் வீட்டுக் கொல்லையில் எஞ்சினைக் காணவில்லை. ஏழெட்டுப் பேர் வேலியோரம் குந்தியிருந்தார்கள். சைக்கிளிலிருந்த டின்னைப் பார்த்ததும் துண்டுக்குள்ளிருந்து ஆளுக்கொரு டம்ளர் வெளியே வந்தது.

தெட்சிணாமூர்த்திக்குப் புல்லரித்தது. தன் எஞ்சினுக்கு மட்டுமா? சுத்தமான பெட்ரோலை ஊர் எஞ்சின்களுக்கெல்லாம் அல்லவா படியளக்கிறார் மச்சான்! மனுஷன் என்றால் இவரல்லவா மனுஷன்!

முன்னால் இருந்த பெரியவர் டம்ளரை நீட்டினார்.

"இன்னிக்கு நீங்களா தம்பி? உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க, போலீசு மோந்து பாக்குறதுக்கு மேலாப்புல ஒரு ஆழாக்கு பெட்ரோல் போதும். போன வாரம் ரொம்ப ஊத்திட்டாரு, குடிச்சுப்புட்டு பீடி பத்தவைக்கவே பயமா இருந்துச்சு!"