எண் இல்லாத ஆட்டக்காரி

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் இறைவன் அருளால் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலையும் வேண்டிக்கொண்ட பிறகுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். வேண்டிக்கொண்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிற உத்தேசம் இல்லை. ஆனால் இங்கே நாங்கள் நன்றாக இல்லை. காரணம் நீ. போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது, வைத்தாலும் மேஜையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன் நீ வந்து நாலு நாள் தங்கி, என் கையால் மூன்று வேளையும் சாப்பிட்டு, அந்த நன்றிக்கடனை உன் அத்தானுடைய கம்பெனி மேனேஜரிடம் போய்த் தீர்த்தாய். செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று இருக்கிறதாம், ஆட்டத்தை முழுக்க அதுவே பார்க்குமாம், யார் எங்கே ஓடினாள், எந்தப் பந்து எங்கே விழுந்தது, அடுத்த ஆட்டத்தில் யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்று கோச்சுக்கு எல்லாம் சொல்லிவிடுமாம் என்று உங்கள் கம்பெனிச் சரக்கை அவரிடம் விற்றாய். அடுத்த வாரமே இரண்டு கேமராவும் ஒரு கம்பமும் ஒரு டேப்லெட்டும் வந்து இறங்கின. அதற்கு ஒரு பை, ஒரு குடை, ஒரு துடைக்கிற துணி. யாரும் தொடக் கூடாது, வெயில் படக் கூடாது. நம் அணிப் பெண்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டார்கள். பொருத்தமான பேர்தான். வந்த அன்றைக்கே என் ஸ்டூலைப் பிடுங்கி அதற்குப் போட்டார்கள்.

அந்த ஸ்டூல் என்ன ஸ்டூல் என்று உனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷமாக இந்த மருந்துக் கம்பெனிப் பெண்கள் வாலிபால் அணிக்கு உன் அத்தான் கோச், கோட்டோரம் ஸ்டூலும் நோட்டுமாக நான். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றவள், விதிப் புத்தகத்தையும் ஒரு அகராதியையும் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க நானே படித்துத் தேறியவள். முப்பத்தோரு நோட்டு. பக்கத்துக்கு ஏழு கட்டம், பென்சில்தான், ஒரு புள்ளி விட்டுப் போயிருக்காது. எதிரணி நெட்டை, பந்தைத் தட்டிப் போடுவதற்கு முன் உதட்டைக் கடிப்பாள் என்று எழுதியிருக்கிறேன். நம் கேப்டன் காலையில் சாப்பிடாமல் வந்தால் மூன்றாவது செட்டில் தோளைத் தொங்கவிடுவாள் என்று எழுதியிருக்கிறேன். மேனேஜர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே ஆட்டத்துக்கு ரெண்டு கணக்கு எதுக்கும்மா, ஒண்ணு போதும்"னு சிரிச்சுக்கிட்டே மூடி என் கையில கொடுத்தார். எந்த ஒண்ணுன்னு நான் கேட்கவே இல்லை, கேட்க வேண்டிய அவசியமே இல்லாத மாதிரிதான் அவர் சிரிச்சார்.

சரி, ஸ்டூல் போனால் போகட்டும், நான் எப்போ அதில் உட்கார்ந்தேன், கோட்டோரம் முன்னும் பின்னும் நடந்துகொண்டேதானே எழுதுவேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கும் போனேன். மறுநாள் சாயங்காலம் கேன்டீனில் அணிக் கூட்டம். உன் அத்தான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மாப்பிள்ளைப் பெட்டி கொடுத்த அறிக்கையை வாசிக்கிறார். அணியில் ஏழு பேர் ஆடினார்கள் என்று அதில் இருக்கிறது. வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். இது சமையற்கட்டில் இருக்கிற எனக்குத் தெரியும், உன் பெட்டிக்குத் தெரியவில்லை. ஏழாவது, "எண் இல்லாத ஆட்டக்காரர்". பந்து வருவதற்கு முன்பே அந்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார், அணியிலேயே சிறந்த முன்னுணர்வு இவருக்குத்தான், ஆனால் ஒரு தடவைகூடப் பந்தைத் தொடவில்லை, ஒரு தடவைகூட எம்பவில்லை. எதிரணி சர்வீஸ் போடும்போதெல்லாம் கண்ணை மூடிச் செயலற்று நிற்கிறார். ஆகவே இவரை மாற்றி பெஞ்சில் உட்கார வைக்கவும். உன் அத்தான் இதை வரிக்கு வரி வாசித்துவிட்டு, "யாருடி அது, சோம்பேறிக் கழுதை?" என்று கேட்டார். கடைசியில் கேப்டன்தான் மெதுவாகச் சொன்னாள்.

"சார், அது அக்கா."

பத்தாவது வருஷம் இந்தப் பெண்களே காசு போட்டு வாங்கிக் கொடுத்த அரக்குச் சால்வையைப் போர்த்தியிருந்தேன். அணிச் சட்டையும் அரக்கு. அதைப் பார்த்து உன் பெட்டி என்னையும் சேர்த்துவிட்டது. சேர்த்தது போகட்டும், செயலற்று நிற்கிறாராமே! எதிரணி சர்வீஸ் போடும்போது கண்ணை மூடி ஒரே ஒரு வரி பிரார்த்தனை செய்வேன், பந்து வலையைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். பத்தொன்பது வருஷமாக ஒரு சர்வீஸுக்கும் அதை விட்டதில்லை. அதைப் போய்ச் சோம்பேறித்தனம் என்று எழுதியிருக்கிறதே, அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் வீட்டில் யாரும் சாமியே கும்பிட மாட்டார்களா? என்னை பெஞ்சில் உட்கார வைக்கணுமாம். நான் அங்கதானேப்பா இருந்தேன், இவங்கதான ஸ்டூலைத் தூக்கினாங்க!

மேனேஜர் அறிக்கையைப் பார்த்துட்டு, கணக்குல குழப்பம் வருதும்மா, நீங்க ஆட்டம் பார்க்க வர்றவங்களோட காலரியில உக்காருங்க, சால்வை மட்டும் வேணாம்னு சொல்லிட்டார். உன் அத்தான் பக்கத்திலேயே நிக்கிறார், ஷூ கயிறு கட்டறார். அவிழாத கயிறு. நாலாவது வரிசையில போய் உக்காந்தேன். அன்னைக்குத் தோத்தாங்க. அடுத்ததும் தோத்தாங்க. அறிக்கையில என்ன வந்துச்சு தெரியுமா, அணியில் ஓர் ஆட்டக்காரர் குறைகிறார், கோட்டோரம் காலியாக உள்ளதுன்னு! போகச் சொன்னதும் அது, காணோம்னு தேடறதும் அது. இந்த மாதிரி ஒரு மாமியார் எனக்கு வாய்க்கலையேன்னு இறைவனுக்கு நன்றி சொன்னேன்.

மேனேஜர் அதற்குமேல் சிரிக்கவில்லை. மீதி இருக்கிற ஒரு ஆட்டத்தில் தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்குப் போய்விடும், அப்படிப் போனால் அடுத்த வருஷம் வேறு கோச் என்று நேராகவே சொல்லிவிட்டார். உன் அத்தானைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பந்தைத் தவிர எதைக் கையில் கொடுத்தாலும் கீழே போடுகிறவர், வேறு வேலை ஏதும் தெரியாது. அன்று முதல் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தை இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்திருந்தால் என் மூக்குத்தி எந்தப் பக்கம் என்றாவது தெரிந்திருக்கும்.

கடைசி ஆட்டம் போன சனிக்கிழமை. ஆளுக்கு ரெண்டு செட். அஞ்சாவது செட்ல பதினொண்ணு பன்னெண்டு, நாம பின்னாடி. உன் அத்தான் பெட்டியைப் பார்ப்பார், ஆட்டத்தைப் பார்ப்பார், மறுபடி பெட்டி. என் நோட்டுல இருக்கிற அதே எதிரணி நெட்டை எழுபத்தோரு சதவீதம் நீளமா அடிப்பான்னு அது சொல்லுது, அவ உதட்டைக் கடிச்சுட்டு மெல்லத் தட்டிப் போடறா. எனக்கு நாலாவது வரிசையில கை பரபரங்குது, நோட்டு இல்ல, டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதறேன். அப்ப உன் அத்தான் டைம் அவுட் கேட்டார். கேட்டுட்டுப் பொண்ணுங்க கிட்டப் போகலை. காலரிக் கம்பி கிட்ட வந்து நின்னார்.

"கீழ வா."

"மேனேஜர் திட்டுவார்."

"வேலை போனா அப்புறம் திட்ட அவருக்கு நான் கிடைக்க மாட்டேன். வா."

சால்வை பைக்குள்ளதான் இருந்தது, நான் எதுக்காகக் கொண்டு போனேன்னு கேட்காதே. போர்த்திக்கிட்டு இறங்கினேன். கேப்டன் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, நாங்க உங்க காலைப் பார்த்துத்தான் ஆடுவோம். நீங்க முன்னால நடந்தா முன்னால ஓடுவோம், பின்னால நடந்தா பின்னால போவோம். சார் கிட்ட சொல்லிடாதீங்க"ன்னா. சார் பக்கத்துலதான் நிக்கிறார். தம்பி, எனக்கு அது இத்தனை வருஷமாத் தெரியாது. நான் பந்து எங்க வரும்னு நோட்டுல எழுத நடந்தேன், அவங்க என் பின்னாடியே வந்திருக்காங்க.

நெட்டை உதட்டைக் கடிச்சா, நான் முன்னால நடந்தேன், நம்ம பொண்ணு விழுந்து எடுத்தா. பன்னெண்டுக்குப் பன்னெண்டு. அப்புறம் பதிமூணு, பதினாலு. அவங்க ஒண்ணு எடுத்து பதினாலுக்குப் பதிமூணு. இன்னும் ஒண்ணு நமக்கு வந்தா முடிஞ்சுது. சர்வீஸ் அவங்களோடது. நான் கண்ணை மூடினேன். ஒரு வரி போதும்னு தோணலை, முழுப் பிரார்த்தனையையும் ஆரம்பிச்சுட்டேன், ஆரம்பிச்சதைப் பாதியில நிறுத்தற பழக்கம் எனக்கு இல்லை. பந்து வலையைத் தாண்டிடுச்சு, நான் அசையலை. நான் அசையாததால ஆறு பேரும் அசையலை. கடைசி வார்த்தையைச் சொல்லிக் கண்ணைத் திறக்கறேன், கோட்டுக்கு ஒரு கையகலம் வெளியே விழுந்து கிடக்கு. ஜெயிச்சாச்சு. உன் அத்தான் வேலை தப்பிச்சுது. அவர் பெட்டியைக் கீழே போட்டுட்டார், பரவாயில்லை, உடையலை.

உடைந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். நேற்று அறிக்கை வந்தது. கடைசிப் புள்ளியை எண் இல்லாத ஆட்டக்காரர் கணக்கில் எழுதி, "பந்து வெளியே விழும் என்று துல்லியமாகக் கணித்து அசையாமல் நின்றார்" என்று போட்டிருக்கிறது. கணித்தேனாம்! கணித்தது நான் இல்லை, காப்பாற்றியது அவன். ஆண்டவனுக்குச் சேர வேண்டிய புள்ளியை என் பேரில் எழுதுவது என்ன நியாயம்? முப்பத்தோரு நோட்டில் ஒருத்தர் புள்ளியை இன்னொருத்தருக்கு நான் எழுதியதில்லை. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே வந்து கேமரா, கம்பம், குடை எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டியது. இல்லாவிட்டால் இந்த வீட்டு வாசல்படி உனக்கு இல்லை.

குழந்தைக்கு என் முத்தம். உன் மனைவிக்கு என் மனமார்ந்த ஆசிகள், அவள் பொறுமைசாலி. உனக்கும் ஆசி உண்டு, பெட்டி போன பிறகு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். உறையை ஒட்டும் முன் அறிக்கையில் இன்னும் என்னென்ன தப்பு என்று குறித்துவைக்கலாமே என்று பழைய பக்கங்களைப் புரட்டினேன். நான் காலரியில் உட்கார்ந்த முதல் ஆட்டத்தில், "பயிற்சியாளரின் கவனச் சிதறல்" என்று ஒரு தலைப்பு. நாற்பத்து மூன்று தடவை ஆட்டத்தை விட்டுவிட்டுக் காலரி நாலாவது வரிசையைத் திரும்பிப் பார்த்திருக்கிறார், அங்கே பந்து எதுவும் இல்லை என்று போட்டிருக்கிறது. இந்தக் கணக்கு என் நோட்டில் இல்லை. நான் சமையற்கட்டிலிருந்து உன் அத்தானைக் கூப்பிட்டு என் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டேன். பேப்பரை இறக்காமலே சரியாகச் சொன்னார். பெட்டி இருக்கட்டும். ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்து கொடு. எண் இல்லாதவர், எண் இல்லாதவர் என்று பக்கத்துக்குப் பக்கம் வருவது கண்ணை உறுத்துகிறது. பதினாலாம் எண் அணியில் யாருக்கும் இல்லை. சட்டை தைக்கக் கொடுத்தாகிவிட்டது.