கப்பல்காரரின் கடைவாய்ப்பல்

"இந்தக் கப்பல்காரர் யாரு?" என்று டாக்டரின் மனைவி டாக்டரம்மா கேட்டதும் ரிசப்ஷனிஸ்ட் பதிவேட்டைப் பாதி மூடினாள்.

அப்படி ஒருவர் உலகத்திலேயே கிடையாது.

அந்தப் பல் ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் யாருக்கும் பெயர் இருக்காது. டாக்டருக்குப் பெயர் மனதில் நிற்காது. தொழிலையும் பல்லையும் சொன்னால்தான் ஆள் பிடிபடும். அதனால் "தையல்காரர், மேல் முன்பல்", "வக்கீல், ஈறு வீக்கம்" என்று எழுதுவதே வழக்கம். ஆறு வாரமாக, வியாழக்கிழமைதோறும் நாலு மணிக் கட்டத்தில் "கப்பல்காரர், கீழ்க் கடைவாய்ப்பல்" என்று எழுதியவள் ரிசப்ஷனிஸ்டேதான். கப்பலில் இருப்பவரிடம் யாரும் போன் நம்பர் கேட்க மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு. கூடவே ஒரு வெற்று ஃபைலையும் டாக்டர் மேஜையில் வைத்துவிட்டாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. விடிந்தால் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ், மாமியாரின் மாத்திரை, கணவரின் காணாமல் போன ஒற்றைச் சாக்ஸ். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டால்கூடக் கதவைத் தட்டிக் கத்தரிக்கோல் எங்கே என்பார்கள். யாரும் எதுவும் கேட்காத அரை மணி நேரம் வாரத்துக்கு ஒரு முறையாவது கிடைக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்கு நிஜமாகவே பயம் வந்திருந்தது.

எக்ஸ்ரே அறைக் கதவில் "உள்ளே வராதீர்கள்" என்று எழுதியிருந்தது. வியாழன் நாலு மணிக்கு அதற்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாள். அவ்வளவுதான். சுவர் எதுவும் கேட்காது. நாலரைக்கு வெளியே வந்து, ஆள் வரவில்லை என்று டாக்டரிடம் சொல்ல வாயெடுப்பாள். அதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்.

நிர்வாகம் மொத்தமும் டாக்டரம்மா கையில். பதிவேட்டில் ஒரு கட்டம் வீணானால் அவருக்குச் சோறு இறங்காது. வராத நோயாளிக்கு இடம் ஒதுக்கினாள் என்று முந்தைய ரிசப்ஷனிஸ்டை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர்.

"ஆளு ஒழுங்கா வர்றாரா?"

"தவறாம வர்றார், மேடம்." வாய் முந்திக்கொண்டது.

"அப்போ அவரு ஃபைலை நாளைக்கு எனக்குக் காட்டு."

டாக்டர் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவள் ஃபைலை எடுத்தாள். அவர் கிறுக்கலைப் போலவே நாலு வரி கிறுக்கி வைத்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தாள். ஃபைலையும் திறந்தாள். பேனா கீழே விழுந்தது.

ஆறு வாரத்துக்கும் டாக்டரின் கையெழுத்தே இருந்தது. "சுத்தம் செய்தேன். வலி குறைவு." "வீக்கம் வடிகிறது." போன வியாழன்: "நல்ல முன்னேற்றம். மிக அமைதியான மனிதர்."

அவள் இட்டுக்கட்டிய ஆள், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசல் வழியாக நடந்து வந்து வாயைத் திறந்திருக்கிறான். அன்றைக்கு வீட்டில் மாமியாருக்குக் காலை மாத்திரையை மாலையில் கொடுத்தாள்.

ஃபைலைப் படித்த டாக்டரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு வாரம்கூடத் தவறாத நோயாளியைத் தாம் பார்த்ததே இல்லையாம். வியாழக்கிழமை நாலு மணிக்கு நேரில் வந்து பார்க்கப் போகிறாராம்.

வியாழக்கிழமையும் வந்தது. வந்தால் பேய், வராவிட்டால் வேலை போய்விடும். எதற்கு அதிகம் பயப்படுவது என்று தெரியாமல் தவித்தவள், மூன்றரைக்கு டாக்டர் அறைக்குள் போனாள். ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கும் அக்கா அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தாள். கப்பல்காரருக்குக் குணமாகிவிட்டது, கப்பலேறிப் போய்விட்டார், இனி வர மாட்டார் என்று ரிசப்ஷனிஸ்ட் ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

டாக்டர் முகம் வெளுத்தது.

"யார் சொன்னது? போன வாரம்கூட இந்த நாற்காலியிலதான் படுத்திருந்தார்."

"எந்த வழியா வந்தார், சார்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"பின்வாசல் வழியா."

அந்தக் கட்டடத்துக்குப் பின்வாசலே கிடையாது. டாக்டருக்கு நெற்றியில் வேர்த்திருந்தது. இரண்டு பேரும் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அவருக்கு இன்னும் ஆறு மாசமாவது வைத்தியம் பாக்கணும்மா," என்றார் டாக்டர், கெஞ்சாத குறையாக. "மேடத்துக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடு. வேத்து ஆள் இருந்தா அவர் வாயே திறக்க மாட்டார்னு சொல்லு."

துடைப்பானை வாளியில் போட்டுவிட்டு அக்கா நிமிர்ந்தாள்.

"ரெண்டு பேருமாச் சேர்ந்து அந்த மனுஷனைக் குணப்படுத்திடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். டாக்டரய்யா இந்த நாற்காலியில படுத்துத் தூங்கற, நீங்க எக்ஸ்ரே ரூமுக்குள்ள உக்காந்திருக்கற அந்த அரை மணி நேரந்தாம்மா உங்க சேர்ல நான் காலை நீட்டறேன்."