ஏழு வீட்டுப் பூனையும் ஒரு தகரமும்

பூனைக்கு உரிமையாளர் என்று ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்பது அரசாங்கத்தின் கொள்கை. பூனைக்கு அப்படி எந்தக் கொள்கையும் கிடையாது. இந்த ஒரு கருத்து வேறுபாட்டால் போடிநாயக்கனூரில் ஒரு தெருவே அல்லோலகல்லோலப்பட்டது.

ஹசீனாவுக்குக் கொரோனா வந்ததை முதலில் சொன்னது அவள் மூக்குதான். வீட்டில் பாதியை ஏலக்காய் மூட்டைகள் அடைத்துக்கொண்டிருக்க, ஒரு நாள் காலையில் எந்த வாசமும் இல்லை. போடிக்காரிக்கு ஏலக்காய் வாசம் தெரியவில்லை என்றால் அதற்குமேல் பரிசோதனை எதற்கு? ஆனாலும் செய்தார்கள். உறுதி என்றார்கள். வாசலில் தகரம் அடித்தார்கள். காய் எடுக்க மலைக்குப் போன கணவன் சாதிக், சோதனைச் சாவடியை மூடிவிட்டதால் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டான். வீட்டில் மிச்சம் அவளும், பாச்சா என்கிற பூனையும்தான். காய்ச்சலில் கிடந்தவளின் காலடியில் அது சுருண்டு படுத்திருக்கும். அது மட்டும் இல்லாவிட்டால் பயத்திலேயே அவளுக்குப் பாதி உயிர் போயிருக்கும்.

இரண்டொரு நாளில் பாச்சா தும்மியது. தகரத்துக்கு அந்தப் பக்கம் சுகாதார ஆய்வாளர் விஜயகுமார் நிற்கிற நேரம் பார்த்துத் தும்மியது.

"யாரும்மா தும்முனது?"

"பூனை சார்."

விஜயகுமார் பின்னால் நகர்ந்தார். மனிதர்களிடமிருந்து வீட்டு விலங்குகளுக்கும் தொற்றும் என்று மேலிடத்திலிருந்து வந்திருந்த சுற்றறிக்கையை அவர் பாதிவரை படித்திருந்தார். மற்றச் சுற்றறிக்கைகளுக்கு அந்தப் பாக்கியம்கூடக் கிடைத்ததில்லை.

"தொற்றாளர் வீட்டு விலங்கைத் தொற்றில்லாத பராமரிப்பாளர் யார்கிட்டயாவது ஒப்படைக்கணும்மா. யாரும் முன்வரலைன்னா, பொதுநலன் கருதி குரங்கணிக் காட்டுல கொண்டுபோய் விட்டுருவோம்."

"காட்டுலயா? முள்ளு எடுத்துப் போட்டாத்தான் சார் அது மீனே திங்கும்."

"அது அதோட தனிப்பட்ட பழக்கம்மா."

ஹசீனா கலங்கவில்லை. அவள் வீட்டை விட்டால் இன்னும் ஏழு வீட்டில் சாப்பிடுகிற பூனை அது. எதிர்வீட்டுக் கருத்தம்மாவுக்கு அது முத்து. பக்கத்து வீட்டு அழகுராஜாவுக்குத் தம்பி. காலையில் ஒரு வீட்டில் பால், மத்தியானம் ஒரு வீட்டில் கருவாடு என்று அது வாழ்ந்த வாழ்வை அந்தத் தெருவில் எந்த மருமகனும் வாழ்ந்ததில்லை.

ஜன்னலில் நின்று கூப்பிட்டாள். "பெரியம்மா, எனக்குச் சரியாகுற வரைக்கும் பூனையை நீங்க வச்சுக்கங்களேன்."

"எந்தப் பூனை ஆத்தா?" என்றாள் கருத்தம்மா. அந்தப் பூனை அப்போது அவள் காலில் உரசிக்கொண்டிருந்தது.

அழகுராஜா இன்னும் தெளிவாக இருந்தார். "நமக்கும் பூனைக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல தங்கச்சி. நம்ம வாசல்லயும் தகரத்தைக் கொண்டாந்து அடிச்சிட்டாய்ங்கன்னா, நான் சோலியைப் பாக்க வேணாமா?"

மற்ற வீடுகளையும் கேட்டுப் பார்த்தாள். அன்று பொழுது சாய்வதற்குள், பூனை என்றால் என்னவென்றே அறியாத தெருவாக அது மாறிவிட்டது.

மறுநாள் பூனையைப் பிடிக்க ஜீப்பு வந்தது. ஹசீனா பூனையோடு உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, சாதிக்குக்குப் போன் போட்டு விம்மி விம்மி அழுதாள். வெளியே விஜயகுமார், கடைசியாக ஒருமுறை அறிவிக்க வேண்டும் என்பது விதியாதலால், சுற்றறிக்கையின் மீதிப் பாதியைத் தெரு நடுவில் நின்று வாசித்தார்.

"பராமரிப்பாளர் வீட்டில் தகரம் அடிக்கப்பட மாட்டாது. அவருக்கு வாராவாரம் ஊக்கத் தொகுப்பு வழங்கப்படும். அரிசி, பருப்பு, எண்ணெய் மற்றும் விலங்கின் ஊட்டத்துக்காக நெத்திலிக் கருவாடு."

சாத்தியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"எம் முத்துவையா சார் காட்டுல விடப் பாத்தீங்க?" என்று கருத்தம்மா படியிறங்கி வந்தாள். "ஒரு வேளை அதைக் காணலைன்னா எனக்குச் சோறு எறங்காது."

"தம்பி எங்க வீட்டுல பொறந்தவன் சார்," என்றார் அழகுராஜா. மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் பாசத்தோடு பின்னால் வந்தார்கள்.

ஒருவருக்குக் கொடுத்தால் ஆறு பேர் புகார் எழுதுவார்கள் என்பது விஜயகுமாருக்குத் தெரியாதா? 'இப்பூனை இத்தெருவின் கூட்டுப் பொறுப்பில் விடப்படுகிறது' என்று அறிவித்து, ஏழு வீட்டுக்கும் பை கொடுத்தார். தொற்றுள்ள வீட்டுக்குள் மட்டும் பூனை போகக்கூடாது என்பது நிபந்தனை. ஹசீனா பூனையைத் தகரத்துக்கு மேலாக இறக்கிவிட்டு, அத்தனை பேருக்கும் துஆ செய்தாள்.

அந்த வாரம் பூனை இளைத்தது. யாருடையதும் இல்லை என்றிருந்தவரை, பாவம் என்று வீட்டுக்கு வீடு ஒரு கை சோறு விழுந்தது. இப்போது அது பொறுப்பாகிவிட்டது. கருவாடு வாங்கிய ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுக் கருவாட்டை நம்பினார். நெத்திலிக் குழம்பு கொதிக்கிற வாசலில் நின்று பூனை கத்தினால், "அழகுராஜா வீட்டுல போடுவாக, வெரசா போ" என்று கருத்தம்மா வழி சொன்னாள். அழகுராஜா அதற்கடுத்த வீட்டைக் காட்டினார்.

எல்லா வாசலையும் பார்த்து முடித்த பாச்சா, தகரத்தைத் தாண்டி உள்ளே குதித்தது. எலும்பும் தோலுமாக வந்து நின்றது. ஹசீனா முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு, சொந்தக்காரர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போன மீனில் முள்ளெடுத்துப் போட்டாள்.

தகரத்து இடுக்கு வழியாக விஜயகுமார் இதைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, ஏழு வீடு இருக்கையில, தொத்து இருக்குற வீட்டுக்கு எதுக்கு வருது?"

"தொத்து இருக்குற வீடும் இது ஒண்ணுதான் சார். சோறு இருக்குற வீடும் இது ஒண்ணுதான்."

விஜயகுமார் ஆழ்ந்து யோசித்தார். கோளாறு எங்கே என்று அவருக்குப் பிடிபட்டது. தகரத்தின் உயரம் போதவில்லை.

இன்னும் மூன்றடி ஏற்ற உத்தரவானது. தெரு முழு ஒத்துழைப்பு நல்கியது. கருத்தம்மா ஏணி கொடுத்தாள். அழகுராஜா சுத்தியல் கொண்டுவந்தார். "நம்ம பூனைக்கு ஒண்ணு ஆயிரக்கூடாதுல்ல" என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் தகரத்தைத் தாங்கிப் பிடித்தார்கள். பூனை தகரத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பது யாருடைய பணி என்று உத்தரவில் இல்லாததால், யாரும் பார்க்கவில்லை. மடியில் தூங்குகிற பூனையைத் தடவிக்கொண்டு, கடைசி ஆணி இறங்கும்வரை ஹசீனா மூச்சுக் காட்டவில்லை.

அடுத்த வாரமும் பைகள் வந்தன. ஏழு வீட்டுக்காரர்களும் இடைவெளி விட்டு வரிசையில் நின்று, பூனை தங்கள் பராமரிப்பில் நலமாக இருப்பதாகச் சொல்லி வாங்கிப்போனார்கள். பூனை நலமாகத்தான் இருந்தது. அந்த அளவில் அவர்கள் பொய் சொல்லவில்லை.