உரியவர் வராத கூறை

டென்மார்க்கில் எங்கள் தமிழ்ச் சனம் பயந்தது இரண்டுக்குத்தான். ஒன்று மார்கழிக் குளிர். மற்றது டோஸ்ட்ருப்பில் லோண்டரி வைத்திருந்த பொலிஸ் அண்ணை. அவர் பொலிஸ் உடுப்பை ஒருநாளும் போட்டதில்லை. கழுவக் கொடுத்த உடுப்பை எடுக்க யாரும் வராவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு பொலிஸுக்குப் போவார். அப்படி வந்த பெயர்.

அவரைக் கண்டாலே பொலிஸ்காரர் தலையில் கைவைப்பார்கள். இது தொலைந்த சாமான் இல்லை, உன்னிடம் விட்டுப்போனது, நீயே ஏதாவது செய் என்பார்கள். அண்ணை கேட்கமாட்டார். "உரிய ஆள் வராத சாமானை அரசாங்கத்துக்குச் சொல்லாமல் வைச்சிருந்தா அது களவு" என்பார். ஒற்றைக் கையுறைக்கும் இதே நியாயம்தான்.

அவருக்குச் சனி ஒரு கூறைச்சேலையில் வந்தது. கலியாணம் முடிந்த கையோடு ஒரு பெண் அதைக் கழுவக் கொடுத்தாள். சேலை கழுவி வருவதற்குள் கலியாணம் முறிந்துவிட்டது. அண்ணை பெண்ணுக்குப் போன் எடுத்தார். கூறை மாப்பிள்ளை வீட்டார் எடுத்தது, அவர்களிடமே கொடுங்கோ என்றாள். மாப்பிள்ளையின் தாயோ, கொடுத்த கூறையைத் திருப்பி வாங்கும் வழக்கம் தங்கள் பரம்பரையிலேயே இல்லை என்றார். சோபா யாருக்கென்று வக்கீல் வைத்துச் சண்டைபிடித்த குடும்பங்கள், கூறைக்கு மட்டும் தர்மவான்களாகிவிட்டன.

அண்ணை, வேண்டாம் என்ற பொலிஸின் மேசையில் கூறையை வைத்துவிட்டு வந்தார். போதாதா? கலியாணக் கூறை பொலிஸுக்குப் போன மானக்கேட்டில், முறிந்த இரண்டு வீடுகளும் அன்றுதான் ஒற்றுமைப்பட்டன. அந்தக் கடைப் பக்கம் ஒருவரும் போகக்கூடாதென்று சொன்னார்கள், சனமும் போகவில்லை. யாரையாவது ஒதுக்கிவைக்காவிட்டால் ஊரை விட்டு வந்த குறை எங்களுக்குத் தீராது. கடை மூடியது. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

கூறையைப் பேசாமல் அலுமாரியில் வைத்திருக்கலாமே என்று அண்ணையிடம் கேட்டேன்.

"அது ஒரு பொம்பிளைக்குக் கட்டின கூறை, தம்பி. என்ர அலுமாரியில கிடக்க நான் ஆர்?"

போன குளிர்காலம் ஆஸ்பத்திரியில் தனியே செத்துப்போனார். அங்கே அவர் கொடுத்திருந்தது என் போன் நம்பராம். தாதி ஒரு குளிர் ஜாக்கெட்டையும் மூக்குக்கண்ணாடியையும் மேசையில் வைத்து, நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டாள். கூடப்பிறந்த தம்பி என்று கூசாமல் பொய் சொல்லி வாங்கிவந்தேன்.

உயிரோடிருந்தால், உரிமையில்லாத சாமானை எடுத்ததற்கு என்னையும் பொலிஸில் கொடுத்திருப்பார். கொடுக்கட்டும். அண்ணையின் ஜாக்கெட் என்னிடம்தான் இருக்கும்.