டாக்டர் எழுதாத கட்டுரை

வயதான பிறகு படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு மிதப்பு இருக்கும். எனக்கு அது கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

நான் இளங்கலை படித்த காலத்தில் ஆய்வு என்றால் நூலகத்தில் அட்டைகளைப் புரட்டிப் புத்தகத்தைக் கண்டுபிடித்து, ஒளிநகல் எடுக்க வரிசையில் நிற்பது. பிறகு கல்யாணம், மகள், சுங்கைப்பட்டாணி கையுறைத் தொழிற்சாலையில் வேலை. நாற்பத்தெட்டு வயதில் முதுகலைக்குச் சேர்ந்தேன். ஆய்வு, ரப்பர்த் தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போன பெண்களைப் பற்றி. (நானே அதில் ஒருத்தி. என்னை மிஞ்சி யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு.)

நூலகத்துக்குப் போனால் அட்டைகள் இருந்த இடத்தில் சோபா கிடந்தது. "எல்லாம் ஆன்லைன்லதான் ஆண்டி," என்றாள் அங்கிருந்த பெண்.

மகள் யாழினி என் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். "இதுகிட்ட கேளும்மா. ஆனா சொல்றத செக் பண்ணிக்கணும்."

முதல் வாக்கியம் மட்டும் என் காதில் ஏறியது. செயலி ஒரு கட்டுரையைக் காட்டியது. எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. (அப்படித்தான் தைத்திருக்கிறது என்பது பிறகு தெரிந்தது.) எழுதியவர் டாக்டர் தேன்மொழி. முழுக் கட்டுரை எங்கும் அகப்படவில்லை. செயலி தந்த சுருக்கத்தையே என் ஆய்வுத் திட்டத்துக்கு அஸ்திவாரமாகப் போட்டேன்.

திட்டத்தை இணையவழியில் விளக்க வேண்டிய நாள் வந்தது. பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டில், சாப்பாட்டு மேசையில் கணினியோடு உட்கார்ந்தேன். தேர்வாளராகத் திரையில் தெரிந்தவர் அதே டாக்டர் தேன்மொழி. எனக்கு ஒரே பூரிப்பு.

"உங்க கட்டுரைதான் டாக்டர் என் ஆய்வுக்கே அடிப்படை," என்று தலைப்பைச் சொன்னேன்.

"நான் அப்படி ஒன்னும் எழுதலையேம்மா."

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். "எழுதியிருக்கீங்க டாக்டர். மறந்திருப்பீங்க," என்று அவருடைய முடிவுரையை அவருக்கே வாசித்துக் காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் ஆய்வு பண்ணது கோத்தா கோலா மூடா மீனவங்கள."

அடுப்படியில் என் கணவர் சேகரனின் கரண்டிச் சத்தம் நின்றது. திரையில் இருந்த என் ஆய்வு மேற்பார்வையாளர் தன் கேமராவை அணைத்துவிட்டார். (சிரிக்கத்தான்.)

"திருத்திக்கிட்டு மறுபடி வாங்க," என்றார் டாக்டர். "நெசமாவே இருக்கிறத வச்சு வாங்க."

சேகரன் தேநீரோடு வந்தார். "முடியலன்னா விட்டுரு லா. யாரு கேக்கப் போறா."

அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. யாழினியை உட்கார வைத்துப் பல்கலைக்கழகத் தரவுதளத்தில் தேடக் கற்றுக்கொண்டேன். கட்டுரையைத் திறந்து படித்த பிறகே அதன் பெயரை எழுதினேன். விடுமுறை நாட்களில் சுங்கை லாலாங் போய், தோட்ட வேலையை விட்டு வந்த பெண்களிடம் பேசிப் பதிவு செய்தேன். பேச்சை எழுத்தாக்கும் செயலி, "பால்மரம் வெட்டப் போனேன்" என்று ஓர் அக்கா சொன்னதை "பல் மரம் கெட்டுப் போனேன்" என்று எழுதியது. இந்த முறை நான் ஏமாறவில்லை. ஒவ்வொரு பதிவையும் மறுபடி கேட்டுத் திருத்தினேன்.

இரண்டாவது விளக்கத்தில், டாக்டர் கேட்பதற்கு முன்பே ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்து காட்ட ஆரம்பித்தேன்.

"போதும்மா, நம்புறேன்."

"இன்னும் இருக்கு டாக்டர். பாத்துடுங்க."

கடைசிவரை காட்டிவிட்டுத்தான் ஓய்ந்தேன். திட்டம் தேறியது. பின்னர் பட்டமும் வாங்கினேன்.

ஆனால் சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் சேகரன் அந்தப் பட்டத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. "இவதான் என் சம்சாரம்," என்று பெருமையாக ஆரம்பிப்பார். "டாக்டரம்மாவுக்கே அவங்க என்னா எழுதுனாங்கன்னு ஞாபகப்படுத்துனவ."