நண்டுக் கணினியும் நல்ல கொக்கும்

ஒரு காட்டில் குகை கொள்ளாத அளவுக்குப் பெரிய மின்சாரக் கணினி ஒன்று இருந்தது. எந்த மான் எந்தத் துறையில் தண்ணீர் குடிக்கலாம், எந்தப் புலி எந்த மானை எப்போது துரத்தலாம், எல்லாம் அதுதான் சொல்லும். ஆனால் அதற்குச் சூடு அதிகம். அதைக் குளிர வைத்தே ஆறு பாதி வற்றிவிட்டது. யானை ஆற்றில் படுத்தாலும் முதுகு நனையவில்லை.

ஒரு கோடையில் அது புகைந்து, வெடித்து, அணைந்துபோனது.

சிங்கராஜா சபையைக் கூட்டியது. வெளிக்காட்டில் படித்துத் திரும்பிய கருங்குரங்கு எழுந்து நின்றது.

"ராஜா, மின்சாரமும் கம்பியும் பழைய கதை. இனிமேல் உயிருள்ளவைதான் கணினி. எனக்கு நண்டுகளைக் கொடுங்கள், போதும்."

ஆற்றங்கரையில் கருங்குரங்கு வாய்க்கால் வெட்டியது. தொடக்கத்தில் இரண்டு வாசல், ஒரு சேதிக்கு ஒரு வாசல்; சேதி உண்மையானால் அந்த வாசலில் நண்டுகளைக் கிளப்ப வேண்டும். ஒரு வாசலில் மட்டும் நண்டுக்கூட்டம் கிளம்பினால் ஓரமாக வளைந்து போகும். அப்படிப் போனால் 'இல்லை' என்று அர்த்தம். இரண்டு வாசலிலும் கிளம்பினால் கூட்டங்கள் மோதிக்கொண்டு நடுவாய்க்காலில் நேராக ஓடும். அது 'ஆம்'.

"நண்டு எதற்கு ஓடும்?" என்று சிங்கம் கேட்டது.

"அதற்குத்தான் கொக்கு. தலைக்கு மேல் கொக்கின் நிழல் விழுந்தால் ஓடாத நண்டு உண்டா?"

கொக்குக்கு வேலை கிடைத்தது. நிழலை மட்டும் காட்ட வேண்டும், நண்டைத் தொடக் கூடாது, சம்பளம் மீன். கூட்டில் குஞ்சுகள் இருந்ததால் கொக்கு உடனே ஒப்புக்கொண்டது.

கணினி பிரமாதமாக ஓடியது. சூடு இல்லை, சத்தம் இல்லை. ஆறு மறுபடி நிறைந்தது. பக்கத்துக் காட்டிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள்.

கொடுக்கப்பன் என்றொரு நண்டு இருந்தது. ஒருநாள் ஓடும்போது கால் இடறி, மல்லாக்க விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டது. கொக்கு குனிந்து, அலகால் மெதுவாகத் திருப்பிவிட்டது.

"என்னண்ணே, தின்னலையா?"

"வேலையில அதெல்லாம் கூடாது தம்பி. அடி பட்டுச்சா?"

அன்றிலிருந்து இருவரும் சிநேகிதர்கள். கொடுக்கப்பன் மற்ற நண்டுகளிடமும் சொல்லிவிட்டது. அப்புறம் கொக்கு சிறகை விரித்தால், "வாங்கண்ணே, நிழல் ஜில்லுனு இருக்கு" என்று எல்லா நண்டும் அங்கேயே படுத்துக்கொண்டன. கணினி ஹேங் ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வடமலையிலும் கீழ்மலையிலும் மேகம் உடைந்து கொட்டியது. வெள்ளம் வருமா, காட்டைக் காலி செய்து மேட்டுக்குப் போக வேண்டுமா என்று தெரியாமல் எல்லோரும் தவித்தார்கள்.

யானை சொன்னது: "ரெண்டு மலையிலும் மழைன்னா வெள்ளம் வரத்தான் வரும் ராஜா. இது எனக்கே தெரியுது. கிளம்பலாம்."

"உனக்குத் தெரிவது வேறு, கணினி சொல்வது வேறு" என்று சிங்கம் அதட்டியது. பிறகு கருங்குரங்கைப் பார்த்தது. "என்ன கோளாறு?"

"உள்ளே பயம் குறைந்துவிட்டது ராஜா. கொக்கு ஒரே ஒரு நண்டைச் சாப்பிட்டால் சரியாகிவிடும்."

கொக்கு பதறியது. "என்னால முடியாது. அதுங்கள்லாம் என் கூடப் பழகினதுங்க."

கருங்குரங்கு கொஞ்சம் யோசித்தது. பிறகு கொக்கின் கூடு இருந்த மரத்தடியில் ஒரு நரியைக் கொண்டுபோய் நிறுத்தியது. நரி அண்ணாந்து குஞ்சுகளைப் பார்த்து உதட்டை நக்கியது.

கொக்கு வாய்க்காலுக்கு வந்து சிறகை விரித்தது.

"வாங்கண்ணே" என்று முதல் ஆளாக வந்தது கொடுக்கப்பன்.

"மன்னிச்சிடு தம்பி" என்றது கொக்கு.

அடுத்த நொடி அத்தனை நண்டும் தலைதெறிக்க ஓடின. இரண்டு கூட்டமும் மோதி நடுவாய்க்காலில் சீறிப் பாய்ந்தன. அவ்வளவு வேகமாக அந்தக் கணினி அதுவரை ஓடியதே இல்லை. ஆம், வெள்ளம் வரும்! காடே மேட்டுக்கு ஏறியது. அன்று மாலையே வெள்ளம் வந்தது. ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

நீர் வடிந்த பிறகு பாராட்டு விழா. கருங்குரங்குக்கு மாலை விழுந்தது. கொடுக்கப்பனின் மனைவி அலவாயியை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரர் எங்கே?" என்று அலவாயி கேட்டது.

"அவர் விடைக்குள் இருக்கிறார் அம்மா" என்றது கருங்குரங்கு, தழுதழுத்த குரலில்.

மேடை ஓரத்தில் நின்ற கொக்கு தலையைத் தூக்கவே இல்லை.

அலவாயிக்குப் போர்த்துவதற்காகச் சிங்கராஜா ஒரு பொன்னாடையை எடுத்து உதறி விரித்தது. அதன் நிழல் கீழே உட்கார்ந்திருந்த நண்டுகள் மேல் விழுந்தது. அவ்வளவுதான், ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு அத்தனையும் ஓடின. மேடையில் இருந்த அலவாயியும் குதித்து ஓடியது.

கருங்குரங்கு துள்ளிக் குதித்தது. "பார்த்தீர்களா ராஜா! இனிமேல் ஒரு துணி போதும்!"

சிங்கம் கைதட்டியது. அன்றைக்கே கொக்கை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நீதி: வருங்காலக் கணினியை எதில் வேண்டுமானாலும் செய்யலாம், உள்ளே யாராவது பயந்துகொண்டிருந்தால் போதும்.